தொடங்கிய வழக்குகள் நிறைய, முடித்தது எத்தனை?

2021 தை மாதம். கொழும்பு கோட்டைப் பக்கத்தில் உயரமான கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடி, ஒரு சட்ட நிறுவனத்தில் வேலைக்கு நேர்முகம். எதிரே இருந்த, நிறுவனத்தின் பார்ட்னர் அம்மா என் சீவியின், அதாவது சுயவிவரத்தின், இரண்டு பக்கங்களையும் மேசையில் அருகருகே விரித்து வைத்து, ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த திகதியையும் விட்ட திகதியையும் பென்சிலால் சின்னச் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். கொரோனாக் காலம், இரண்டு பேருக்கும் முகக்கவசம். அவர் சிரிக்கிறாரா முகம் சுளிக்கிறாரா என்று ஒன்றும் தெரியவில்லை, அதனால் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வட்டம். ஏழு ஆண்டு, ஐந்து இடம்.

"ஏன் இத்தனை தரம் மாறினீர்கள்?" என்று கேட்பார் என்று இரண்டு நாளாக வெள்ளவத்தை அனெக்ஸில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பதில் பாடமாக்கியிருந்தேன். அதை அவர் கேட்கவேயில்லை. "நீங்களே தாக்கல் செய்து, தீர்ப்பு வரைக்கும் நீங்களே கொண்டுபோன ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக.

யோசித்தேன். நிறைய வழக்குத் தாக்கல் செய்திருக்கிறேன், நிறைய வழக்குகளில் நடுவில் போய்க் குந்தியிருக்கிறேன், வேறு யாரோ தொடங்கிய வழக்கில் தீர்ப்பு வாசிக்கிற நாளில் எழுந்து நின்றும் இருக்கிறேன். தொடக்கமும் முடிவும் என்னுடையதாக ஒன்றுகூட இல்லை. "இல்லை மெடம்" என்றேன். ஏழு ஆண்டு தொழில் செய்துவிட்டு அப்படிச் சொல்வது எப்படி இருந்தது என்று சொன்னால் விளங்காது.

சட்டக் கல்லூரியிலிருந்து புதிதாக வெளியே வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, "அக்கா, ஒரு வருஷத்துக்குள் மாறினால் சீவி பழுதாகிவிடுமா?" என்றுதான். சீவியைக் கொஞ்சம் சமாளித்து எழுதலாம், அதை விடுங்கள். அந்தப் பதினோராம் மாடிக் கேள்விக்குத்தான் எந்தச் சமாளிப்பும் இல்லை. அதனால் நான் எங்கெங்கே என்ன செய்தேன், எதை இழந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் சேம்பர், அதாவது ஒரு மூத்த சட்டத்தரணியின் அலுவலகம். 2013 கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தேன், அடுத்த மாதமே டாம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். காலையில் 101 பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கேயிருந்து நடை, வியர்வையில் கறுப்புக் கோட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பின்னேரம் சேம்பர், சீனியர் சேரிடம் வருகிற கட்சிக்காரர் எல்லாரும் போய் முடிய இரவு ஒன்பது. சம்பளம் என்று ஒன்று கிடையாது. சேர் நல்ல மனநிலையில் இருக்கிற நாளில் ஒரு கவர் கிடைக்கும், எண்ணிப் பார்த்தால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் போய்க் கொஞ்சம் மிஞ்சும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அனெக்ஸ் வாடகைக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தார், லோயர் மகளுக்கு. அந்த வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சிங்களம். கொழும்பில் மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் சிங்களத்தில் ஓடுகின்றன, நான் படித்த சிங்களம் சாமான் வாங்கத்தான் காணும். முதல் ஆறு மாதம் நீதவான் என்ன சொன்னார் என்பதைப் பக்கத்தில் நின்ற ஜூனியரின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகித்தேன்.

அங்கே ஒரு காணி வழக்கு. 2006 இல் தாக்கல் செய்தது. அதைத் தொடங்கிய ஜூனியர் அப்போதே அவுஸ்திரேலியாவில். சேர் ஒரு கிழவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார், நடுவில் என் பக்கம் கையை நீட்டுகிறார், எந்தக் கடதாசி வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பு இரண்டு கை கொள்ளாது. பின்னால் நின்ற கிளார்க் ஐயாதான் எட்டி ஒரு பழைய காணி உறுதியை உருவிக் கொடுத்தார். அவர் அந்த வழக்கோடு எட்டு ஆண்டு இருந்தவர். வகுப்பில் ஒருவரும் சொல்லித் தராத விஷயம் அது. நம்முடைய நீதிமன்றங்களில் ஒரு குடியியல் வழக்கின் ஆயுள் ஒரு இளம் சட்டத்தரணியின் பொறுமையைவிட நீளம். பதினான்கு மாதம் இருந்தால் பதினான்கு மாதத்துக்குரிய துண்டு மட்டும்தான் பார்க்கலாம், அதிலும் பாதி தவணை கேட்பது.

சரி, காசில்லாமல் எத்தனை நாள். 2015 சித்திரையில் ஒரு சட்ட நிறுவனத்துக்கு மாறினேன், மாதம் முடிய வங்கியில் சம்பளம் விழுந்தது. அந்த மாற்றம் பிழையென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. சேம்பரிலிருந்து நிறுவனத்துக்குப் போவதை, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் யாரும் தாவலாகக் கணக்கெடுப்பதும் இல்லை.

அங்கே நடந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை மாறுகிற முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. நம் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி ஒரு கட்சிக்காரர் தன் வழக்கை நடத்தச் சொல்லிக் கையெழுத்திட்டுத் தருகிற அதிகாரப் பத்திரம், அதாவது புரொக்சி, நிறுவனத்தின் பெயரில் போவதில்லை, ஒரு சட்டத்தரணியின் பெயரில் போகிறது. அது நீதிமன்றத்தில் ஏறிவிட்டால், அந்தச் சட்டத்தரணிக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்தில் நீக்கினால் ஒழிய, வழக்கு முடிகிற வரைக்கும் அவர்தான் பதிவுசெய்த சட்டத்தரணி. நீங்கள் வேலையை விட்டீர்களா, வேறு ஊருக்குப் போனீர்களா என்பது புரொக்சிக்குத் தெரியாது. அந்த நிறுவனத்தில் பத்தொன்பது மாதத்தில் என் பெயரில் ஏறிய புரொக்சிகள் முப்பதுக்குக் கிட்ட. விட்டு வரும்போது, "நாங்கள் மாற்றிக்கொள்வோம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இருபத்தொன்பதை மாற்றியிருப்பார்கள்.

2019 ஆவணியில், நான் வங்கியில் இருக்கிறபோது, அனெக்ஸ் வாசலில் பதிவுத் தபால். கொட்டாஞ்சேனையில் அரிசிக் கடை வைத்திருக்கிற ஒரு முதலாளியின் வழக்கு, எதிர்ப் பக்கம் ஒரு விண்ணப்பம் செய்திருக்கிறது, அதற்கு ஆட்சேபனை சொல்லத் திகதி குறித்திருக்கிறது. திகதிக்கு ஐந்து நாள் இருந்தது. பதிவுசெய்த சட்டத்தரணியின் கையில் அறிவித்தல் கிடைத்தால் அது கட்சிக்காரருக்கே கிடைத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக, நான் அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டிருந்தால் அந்த மனிதர் தனக்கு ஒன்றுமே தெரியாமல் வழக்கில் விழுந்திருப்பார்.

பழைய நிறுவனத்துக்கு எடுத்தேன். அந்தக் கோப்பைப் பார்த்தவரும் விட்டுப்போய்விட்டாராம், அவருக்குப் பிறகு வந்தவர் லீவாம். அரைநாள் லீவு போட்டுவிட்டு நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதலாளி சாக்குகளுக்கு நடுவில் இருந்து எழும்பி, ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ சொல்லிவிட்டு, நான் விஷயத்தைச் சொன்னதும் சொன்னார்: "நான் உங்களைத்தானே பிள்ளை என்ர லோயர் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்." நான் விட்டுப்போய் மூன்று ஆண்டு ஆகப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிளேன்டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த ஐந்து நாளுக்குள் வேறு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, என் புரொக்சியை நீக்கி, அவருடையதைப் போட்டு, திகதியில் ஆளை நிற்கவைத்து, ஒருமாதிரிச் சமாளித்தாயிற்று. அன்றிலிருந்து வேலையை விடுகிறவர்களுக்கு நான் முதல் சொல்வது இதுதான்: ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் பெயரில் புரொக்சி கிடக்கிற வழக்கிலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுங்கள். அதை நிறுவனத்துக்குக் கடிதமாகக் கொடுத்து, யார் பெயருக்கு மாறுகிறது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மாறிய பிறகு வழக்குப் பதிவேட்டைப் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், முக்கியமாக உங்களுக்கு இனிச் சம்பளம் தராத ஒருவரின் வாய்ச்சொல்லை.

பிரசித்த நொத்தாரிசாக இருக்கிறவர்களுக்கு இதே தலையிடி வேறு வடிவத்தில் வரும். நீங்கள் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் பொறுப்பு உங்களுடையது, நிறுவனத்தினது அல்ல. ஒவ்வொரு மாதமும் 15 ஆம் திகதிக்குள் முந்தைய மாதத்து இரண்டாம் பிரதிகள் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று உங்களைத்தான் கேட்பார்கள். நான் அந்த நிறுவனத்தை விட்ட கடைசி நாள், என் உறுதிப் பிரதிகள் இரண்டு பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வரவேற்பறைப் பிள்ளை நான் எதையோ களவெடுத்துக்கொண்டு போகிறேன் என்பதுபோலப் பார்த்தாள். ஏழு ஆண்டில் நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

மூன்றாவது இடம் ஒரு லீசிங் கம்பனி, 2016 கார்த்திகை முதல் பதினொரு மாதம். சம்பளம் ஒன்றரை மடங்கு, அதைத் தவிர அங்கே போவதற்கு வேறு காரணம் இருக்கவில்லை. ஓட்டோவும் வேனும் தவணை கட்டாமல் போனால் கடிதம், பிறகு இன்னொரு கடிதம், பிறகு வழக்கு, நானோ நீதிமன்றத்துக்குப் போவதில்லை, வெளிச் சட்டத்தரணிக்குக் கோப்பு அனுப்புவதோடு சரி. ஐந்தாம் மாதமே அலுத்துவிட்டது. இந்த இடத்தைப் பற்றி இவ்வளவு போதும். லீவுக் கணக்கை மட்டும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி சேர்ந்த ஆண்டில் வருடாந்த லீவு கிடையாது. அடுத்த ஆண்டு எத்தனை நாள் என்பது நீங்கள் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதில் இருக்கிறது: பங்குனி முடிவதற்குள் சேர்ந்தால் 14, அடுத்த மூன்று மாதத்தில் 10, அதற்கடுத்த மூன்றில் 7, ஐப்பசியிலோ அதற்குப் பிறகோ என்றால் வெறும் 4. நான் சேர்ந்தது கார்த்திகை. அடுத்த ஆண்டு அண்ணாவின் கலியாணம். சட்டம் படித்த தங்கச்சி, மாப்பிள்ளையின் ஒரே சகோதரி, நான்கு நாள் லீவை வைத்துக்கொண்டு யாழ்தேவியில் போய், நாலாம் சடங்குக்கு நிற்காமல் திரும்பி வந்தேன். அண்ணி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

நான்காவது இடத்தில் எட்டே மாதம், 2018 தையிலிருந்து ஆவணி வரைக்கும். என் சீவியில் பார்க்க மிகவும் அசிங்கமாக இருப்பது அந்த எட்டு மாதம்தான், ஆனால் ஐந்து விலகலிலும் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லாதது அது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏழு சத்தியக்கடதாசிகளை என் மேசையில் வைத்தார்கள். கையெழுத்துகள் ஏற்கெனவே போட்டிருந்தன. போட்டவர்கள் மட்டக்களப்பில் இருக்கிறார்களாம், திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டுமாம், எனக்கு முன்னால் வாசித்து விளங்கிக் கையெழுத்திட்டதாக நான் சீல் குத்தி ஒப்பமிட்டால் போதுமாம். "எல்லாரும் செய்யிறதுதானே மிஸ்" என்றார் கோப்பைக் கொண்டுவந்தவர். நான் ஒருவரையும் கண்ணால் காணவில்லை. நான் குத்தினால் அது பொய்ச் சாட்சி, பிறகு யாராவது தோண்டினால் நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு முன்னால் நிற்கப்போவதும் பெயர்ப்பட்டியலிலிருந்து வெட்டப்படப்போவதும் நான்தான், கோப்பைக் கொண்டுவந்தவர் அல்ல. மாட்டேன் என்றேன். கத்தவில்லை, மிரட்டவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நல்ல கோப்பு ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். இப்படி ஒரு காரணம் வந்தால் மாதக்கணக்கைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், போய்விடுங்கள்.

பிறகு வங்கியின் சட்டப் பிரிவு. இரண்டு ஆண்டு நான்கு மாதம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அதற்குப் பிறகு 2020 ஊரடங்கு, கடன் வாங்கியவர்களுக்குச் சலுகைக் காலம், எல்லாம் அந்த மேசையிலிருந்துதான் பார்த்தேன். வேலை வசதி, ஆட்கள் நல்லவர்கள். ஆனால் நீதிமன்றத்தில் நின்று பேசிய வாய் துருப்பிடித்துக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. கம்பனி வேலைக்குப் போய்த் திரும்பி வழக்குப் பேச வரலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாரில் உங்கள் மூப்பு சத்தியப்பிரமாணம் செய்த திகதியில் இருந்து ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் அதைப் பறிக்க முடியாது. அதுதான் வில்லங்கமும். ஏழு ஆண்டு மூப்புள்ள ஆள் என்று நீதிபதி எதிர்பார்ப்பார், நீங்கள் குறுக்கு விசாரணையில் இரண்டு ஆண்டு ஆள்போலத் தடுமாறுவீர்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரும் காசுக்காகத்தான் மாறுகிறோம், அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. ஒவ்வொரு தாவலிலும் என் சம்பளம் ஏறியது உண்மை. ஓரிடத்தில் இருந்திருந்தால் அந்த வேகத்தில் ஏறியிராது. ஆனால் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்கிற இடமென்றால், ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம் கொடுக்க வேண்டும். மாதம் ஒன்றரை இலட்சம் எடுக்கிற ஒருவர் ஐந்து ஆண்டில் விலகினால் 375,000 ரூபாய். நான்கு ஆண்டு பதினொரு மாதத்தில் விலகினால் சட்டப்படி பூச்சியம். ஏழு ஆண்டு உழைத்த எனக்குப் பணிக்கொடை என்று ஒரு சதம் வந்ததில்லை.

சேமலாப நிதி அப்படிப் போகாது, உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் எங்கேயோ கிடக்கும். எங்கே என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு இடத்திலும் எனக்கு வேறு அங்கத்துவ இலக்கம். அதோடு நம் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகிற கூத்து இருக்கிறதே! ஓரிடத்தில் அப்பாவின் பெயர் முழுதாக, மற்ற இடத்தில் முதலெழுத்து மட்டும், இன்னோரிடத்தில் என் பெயருக்குள் ஒரு 'எச்' கூட. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் வரிசையில் நின்று இந்த மூன்று பெண்களும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பட்ட பாட்டுக்கு, ஒரு கட்சிக்காரருக்காக அலைந்திருந்தால் நல்ல கட்டணம் வாங்கியிருப்பேன். நியமனக் கடிதம் வாங்குகிற அன்றே அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கு எழுத்து சரியா என்று பாருங்கள். சேம்பரில் இருந்த காலத்துக்கு இந்த நிதியும் இல்லை, ஒன்றும் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பதினோராம் மாடிக்குத் திரும்பிப் போகிறேன். "இல்லை மெடம்" என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் அந்த எட்டு மாத வட்டத்தைப் பென்சில் நுனியால் தட்டினார். பாடமாக்கிய பதிலில் "வேறு வாய்ப்புகளைத் தேடி" என்று ஏதோ இருந்தது, அதை விட்டுவிட்டு, "அங்கே என் பெயரைப் போட எனக்கு மனம் வராத ஒரு வேலை வந்தது, அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி நான் சொல்வது சரியில்லை" என்றேன். பென்சில் அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டது. பழைய இடத்தைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் கேட்கிறவர் மனதில் ஓடுவது ஒன்றுதான், நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படித்தான் எங்கேயோ இருந்து சொல்லிக்கொண்டிருப்பாள் என்று. நான் இப்போது மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து சில நேர்முகங்களைப் பார்க்கிறேன், எனக்கும் அதுதான் ஓடுகிறது.

லீசிங் கம்பனியைக் காட்டி, "எங்கள் கட்சிக்காரர் சிலர் அவர்களுக்கு எதிராக வழக்காடுகிறார்கள், உங்களால் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அங்கே நான் கையாண்ட விஷயங்களோடு தொட்ட எதையும் பார்க்க மாட்டேன், மற்றவற்றைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன் என்றேன். 1988 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆக்கிய சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளில், கட்சிக்காரரின் இரகசியம் காப்பது வேலையை விட்டதும் முடிந்துபோகிற கடமையாக இல்லை. இதன் அர்த்தம், எத்தனை இடம் மாறுகிறீர்களோ அத்தனை இடத்துக் கட்சிக்காரரும் உங்களைச் சுற்றி ஒரு வேலி போட்டுக்கொண்டு வருவார்கள். கொழும்பு சின்ன ஊர். ஐந்து இடம் மாறிய ஆளை எடுக்கிற நிறுவனம், எந்தெந்தக் கோப்பை இவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கிறது. சிலர் அந்தத் தொல்லைக்காகவே வேண்டாம் என்பார்கள்.

எப்படி வேலை கிடைத்தது என்றால், இரண்டு காரணம். முதலாவது, கடைசியில் நான் கொஞ்சம் பொறுமையிழந்து சொன்ன ஒன்று. "மெடம், இடம் ஐந்து, விஷயம் ஒன்று. சேம்பரில் கடன்பட்டவர்கள் பக்கம் நின்றேன், லீசிங்கில் வாகனம் பறிக்கிற பக்கம், வங்கியில் வீட்டையும் காணியையும் ஈடாக எடுத்துக் கடன் கொடுக்கிற பக்கம். கடன் கோப்பு ஒன்றைக் காட்டினால் அது எங்கே பிழையாகப் போகும் என்று நான் எல்லாப் பக்கத்தில் இருந்தும் சொல்வேன்." இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை, அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஆனால் அது உண்மைதான். வீட்டுக்கு வந்து சீவியையே மாற்றி எழுதினேன்: மேலே கடன் மீட்பில் என்னென்ன தெரியும், கீழே எங்கெங்கே இருந்தேன். மாறினாலும் ஒரே விஷயத்துக்குள் மாறுங்கள் என்று நான் இப்போது சொல்வது இதனால்தான். காணியில் இருந்து கம்பனிச் சட்டத்துக்கு, அங்கிருந்து குடும்ப வழக்குக்கு, அங்கிருந்து தொழில் நியாய சபைக்கு என்று ஓடியவர்களை எனக்குத் தெரியும், பாவம், அவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் முதலாம் ஆண்டு.

இரண்டாவது காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. டாம் வீதியின் ஒரு முனையில் சொன்ன கதை நீங்கள் மற்ற முனைக்கு நடந்து போவதற்குள் அங்கே போயிருக்கும், அந்தளவுதான் நம் வட்டாரம். நீங்கள் சீவியில் கொடுத்த இரண்டு பெயரை யாரும் கேட்பதில்லை, கொடுக்காத பெயரைத்தான் கேட்பார்கள். பார்ட்னர் அம்மா கேட்டது லீசிங் கம்பனி முகாமையாளரை. நான் அங்கே விடும்போது, நிலுவையில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் அடுத்த திகதி என்ன, எந்த மூலப் பத்திரம் யாரிடம், எது காலாவதியாகப் போகிறது என்று நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். நல்ல மனதில் எழுதவில்லை, எழுதித் தராவிட்டால் விடுவிப்புக் கடிதம் இல்லை என்று முகாமையாளர் பிடிவாதமாக நின்றார், திட்டிக்கொண்டே மூன்று இரவு இருந்து எழுதினேன். அந்த மனிதர் மூன்று ஆண்டு கழித்து, "கெதியாப் போயிட்டா, ஆனா ஒரு கோப்பும் துலையாமப் போனா" என்று சொன்னாராம். பார்ட்னர் அம்மாவே பிறகு சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் முதல்முறை அவருடைய முகத்தை முகக்கவசம் இல்லாமல் பார்த்தேன்.

சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் என் மூப்புக்குரிய இடத்தில் இல்லை. எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் சத்தியப்பிரமாணம் செய்த ஒருவருக்குக் கீழே. அவர் ஒரே நிறுவனத்தில் தொடக்கத்திலிருந்து இருக்கிறவர். முதல் மாதம் கசந்தது. பிறகு அவரோடு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விளக்கத்துக்குப் போனபோது, சாட்சியை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பார்த்தேன், மூன்று ஆண்டுக்கு முன்னால் அந்தச் சட்டத்தரணி தானே எழுதிய கடிதம் ஒன்றின் ஒரு வரியை வைத்துக்கொண்டு. சரி, கீழே இருப்பது நியாயம்தான் என்று பட்டது.

அந்த ஆண்டு ஆனியில் வெல்லம்பிட்டியில் அச்சகம் வைத்திருக்கிற ஒருவருக்காக மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தாக்கல் செய்தேன், வேலை செய்து கொடுத்த காசு வரவில்லை என்று. புரொக்சி என் பெயரில். 2022 இல் பெட்ரோல் வரிசையில் நின்று கட்சிக்காரரால் ஒரு தவணைக்கு வர முடியவில்லை, இன்னொரு தவணைக்கு எதிர்ப் பக்கம் வரவில்லை, நீதிபதி மாறினார், சாட்சியை நானே வழிநடத்தினேன், எதிராளியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு முதல் நாள் இரவு இடியப்பம்கூட இறங்கவில்லை. இடையில் இரண்டு இடத்திலிருந்து கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்குப் போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், பொய் சொல்லப்போவதில்லை.

போன மாதம் தீர்ப்பு. நானும் அச்சகக்காரரும் ஒன்பது மணிக்கே போய் வாங்கில் இருந்தோம். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றேன். நீதிபதி கடைசிப் பந்தியை மட்டும் வாசித்தார், சிங்களத்தில். இப்போது பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. வழக்கு தள்ளுபடி, செலவோடு.

வெளியே படியில் நின்று பார்ட்னருக்கு எடுத்தேன். "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது, தோற்றுவிட்டோம் என்றேன். "சரி, நோட்டீஸ் எப்ப போடுறீர்?" என்றார். மேன்முறையீட்டு அறிவித்தலுக்குப் பதினான்கு நாள். தீர்ப்பு நாளையும் ஞாயிறுகளையும் இடையில் வருகிற போயாவையும் கழித்துக் கலண்டரில் விரலால் எண்ணிக்கொண்டிருக்க, அச்சகக்காரர் பக்கத்துக் கடையில் இருந்து இரண்டு பிளேன்டீயோடு வந்தார்.